10-க்கு 9-ல் ஒரு பொஹீமியா!

வாடகை வீட்டில் பெட்ரூம் என்றால் என்ன? சுவர் நாலு, ஜன்னல் ஒன்று, பரண் ஒன்று. விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் ஹாலில் கிடக்கும் துணி மூட்டை ஓடி ஒளிந்துகொள்கிற இடம். மிக்ஸி வாங்கின அட்டைப் பெட்டி, 'எப்பவாவது வேணும்' என்று எடுத்து வைத்த பெயின்ட் டப்பா, ஒரு கால் உடைந்த ஸ்டூல், போன வருஷத்துக் காலண்டர்... எல்லாவற்றுக்கும் கடைசிப் புகலிடம். நடுவில் ஒரு கட்டிலும் கிடப்பதால் அதற்கு பெட்ரூம் என்று பெயர். கட்டிலை எடுத்துவிட்டால் 'கோடவுன்' என்று போர்டு மாட்டிவிடலாம்.

பழவந்தாங்கலில் நான் குடியிருக்கிற வீட்டின் பெட்ரூம் 10 அடிக்கு 9 அடி. பி.காம். படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு சார், எதைப் பார்த்தாலும் கணக்குப் போடுவான். மொத்தம் 90 சதுர அடி. கட்டில் ஆறரைக்கு ஐந்து, 32.5. பீரோ மூணுக்கு ஒன்றரை, 4.5. என் எழுத்து மேஜை நாலுக்கு ரெண்டு, 8. ஆக 45. மூலதனத்தில் சரிபாதி முடக்கம்! மிச்சம் இருக்கிற 45-ல்தான் வாசல் கதவு திறக்க வேண்டும், பீரோ கதவு திறக்க வேண்டும், மனிதர்கள் நடமாட வேண்டும். எதிரெதிரே வந்துவிட்டால் ஒருத்தர் கட்டில் மேல் ஏறி வழி விட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் போக்குவரத்து விதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டில் மேல் ஏறி எனக்கு வழிவிட்ட மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்கட்டுங்களா?"

அவளுக்கு ஊர் பவானி. எப்போதுமே மரியாதையான பேச்சுதான். ஆனால் அனுமதி கேட்டுக்கொண்டு கேள்வி வந்தால் விஷயம் பெரிசு என்பது ஏழு வருஷ அனுபவம்.

"இந்த ரூமுக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. இதுல என்னுதுன்னு ஒரு பொருள் காட்டுங்க பாக்கலாம்."

சுற்றிலும் பார்த்தேன். பீரோ, எங்கம்மாவுடையது. அம்மா போய் எட்டு வருஷம் ஆகியும் சாவிக்கொத்தில் அவள் முடிந்த சிவப்பு நூல் அப்படியே இருக்கிறது. கட்டில், கல்யாணத்துக்கு அப்பா வாங்கிப் போட்டது. மேஜை என்னுடையது. சுவரில் இருக்கிற ஆஸ்பத்திரிப் பச்சை, ஹவுஸ் ஓனருடைய சொந்த ரசனை. காலண்டர் மளிகைக் கடைக்காரருடையது. ஜன்னல் திரை, எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர் மறந்துவிட்டுப் போனது.

"தலகாணி?" என்றேன்.

வழக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"ஹால்ல மாமா இருக்காரு. கிச்சன்ல எல்லாரும் வந்து போறாங்க. கதவைச் சாத்திட்டு உக்கார்றதுக்கு எனக்குன்னு இருக்கறது இந்த இடம் ஒண்ணுதான். இங்கயும் ஒறம்பரைக்கு வந்த மாதிரியே இருக்குதுங்க."

சண்டைக் குரல் இல்லை. அதுதான் சங்கடம். சண்டை என்றால் பதில் சொல்லிவிடலாம்.

அப்புறம் செல்போனை நீட்டினாள். "இப்படிப் பண்ணலாங்களா?"

படத்தில் ஒரு சின்ன ரூம். தரையோடு தரையாக மெத்தை. அதைச் சுற்றி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நிறங்களில் எட்டுத் தலையணை. கீழே பட்டை பட்டையாகக் கோடு போட்ட விரிப்பு. சுவரில் கயிற்றால் முடிச்சுப் போட்டுப் பின்னிய தொங்கல். மூலையில் பிரம்புக் கூடைக்குள் மஞ்சள் விளக்கு. ஜன்னலில் ஒரு பச்சைக் கொடி. 'பொஹீமியன் ஸ்டைல்' என்று எழுதியிருந்தது. செல்லமாக 'போஹோ'வாம்.

உடனே 5,000 ரூபாய் சாங்ஷன் செய்தேன். செய்துவிட்டு, நிதி ஒதுக்கியவன் என்ற முறையில் திட்டத்தைக் கொஞ்சம் ஆராய்ந்தேன்.

பொஹீமியா என்பது செக் நாட்டின் மேற்குப் பகுதி. பிராக் நகரம் அங்கேதான் இருக்கிறது. 15-ம் நூற்றாண்டில் பிரான்ஸுக்குள் நாடோடிகளாக வந்து சேர்ந்த ரோமா மக்களை, 'இவங்க பொஹீமியாவிலேர்ந்து வர்றாங்க' என்று நினைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். 19-ம் நூற்றாண்டில் பாரீஸில் வாடகைக்குச் சிங்கியடித்துக்கொண்டிருந்த ஓவியர், கவிஞர், பாட்டுக்காரர் கூட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கூட்டத்திலேயே ஒருத்தரான ஆன்ரி மியுர்ஜே என்பவர் சகாக்களின் கதையை எழுதி 1851-ல் புத்தகமாகப் போட்டார். பேர் கிடைத்தது. 1861-ல், 38 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கதையைத்தான் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி 'லா பொஹெம்' என்ற இசை நாடகமாக ஆக்கினார். 1896-ல் டூரின் நகரத்தில் அரங்கேற்றம். அதில் ஹீரோ ரொடால்ஃபோ ஒரு கவிஞன்; பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுகிறவன். (கவனிக்க!) முதல் காட்சியில் பயங்கரக் குளிர். அடுப்பு மூட்ட விறகு இல்லை. தான் எழுதின நாடகத்தையே எடுத்து அடுப்பில் போட்டுக் குளிர் காய்கிறான். அப்போது ஹவுஸ் ஓனர் வாடகை கேட்டு வருகிறார். நண்பர்கள் அவருக்கு ஒயினை ஊற்றிக்கொடுத்து, வாயைக் கிளறி, வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

படிக்கப் படிக்க எனக்கு ஒரு சொந்தபந்த உணர்ச்சியே வந்துவிட்டது. சென்னையில் குளிர் இல்லாத ஒரே காரணத்தால் என் கட்டுரைகள் பிழைத்துக் கிடக்கின்றன.

இன்னொரு விஷயமும் கிடைத்தது. அந்த ரோமா மக்களின் பூர்வீகம் எது தெரியுமா? வட இந்தியா! மொழியை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் பாஷையில் தண்ணீர் 'பானி', மூக்கு 'நக்', காது 'கன்'. இங்கிருந்து தலைமுறை தலைமுறையாக நடந்து ஐரோப்பா போனவர்கள். அவர்கள் பெயரை ஃபேஷனாக்கிக்கொண்ட அதே ஐரோப்பா, அவர்களை ஊருக்கு ஊர் விரட்டியது. ஹிட்லர் காலத்தில் லட்சக்கணக்கில் கொன்றும் போட்டது. அழகான பெயர்களுக்குப் பின்னால் சில சமயம் இப்படி ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது.

ஆக, பொஹீமியன் ரூம் என்பது கையில் காசில்லாதவன் இருப்பதை வைத்துச் சமாளித்த ரூம். அப்படியென்றால் 5,000-மே அதிகம்தான் என்று தைரியமாகப் புறப்பட்டோம்.

*

மாலில் ஒரு பெரிய ஷோரூம். ஏ.சி.யில் சந்தன வாசனை கலந்து விட்டிருந்தார்கள். கயிற்றுத் தொங்கல் 2,200 ரூபாய். கைத்தடி நீளத்துக்கு நாலு கயிறு சார்! பிரம்பு விளக்கு 3,400. நான் மனசுக்குள் ஐந்தொகை போட்டுப் பார்த்து, வாசல் எந்தப் பக்கம் என்று தேட ஆரம்பித்தேன். மனைவி மட்டும் ஒரு விரிப்பின் முன்னால் நின்றுவிட்டாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாகக் கோடு. விலை 7,490.

தொட்டாள். புரட்டினாள். ஓரத்தை ரெண்டு விரலால் நெருடிப் பார்த்தாள்.

"இது பவானி ஜமக்காளம்ங்க."

விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே, "இல்ல மேம், இது ஹேண்ட்மேட் போஹோ ரக்" என்றது.

"கரையைப் பாரும்மா. இது எங்கூரு."

"இல்ல மேம், லேபிள்ல போஹோன்னுதான் போட்டிருக்கு."

லேபிளோடு யார் வாதாட முடியும்? கிளம்பிவிட்டோம்.

வெள்ளைக்காரன் நம் துணியைக் கண்டு மயங்குவது இன்று நேற்று வந்ததில்லை. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயம் ஏற்றிய பருத்தித் துணி 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் ஏறியது. அங்கிருந்த நெசவாளர்கள் பதறிப் போனார்கள். 1686-ல் பிரான்ஸ் அதற்குத் தடையே போட்டது. திருட்டுத்தனமாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 1759-ல் தடையை எடுத்தார்கள். அவர்கள் தடை போட்டும் நிற்காத வியாபாரம் அது!

மின்சார ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. பரங்கிமலை தாண்டும் வரை அவள் பேசவில்லை. அப்புறம் தானாகச் சொன்னாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. குழித்தறி. காலைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார வேண்டும். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு பேர் உட்கார்ந்து நெய்ய வேண்டும். அந்த இன்னொருத்தர், அவளுடைய அம்மா. தறிச் சத்தம் நின்றால்தான் வீட்டில் குழந்தைகளுக்குத் தூக்கம் கலையும்.

சட்டம் என்னமோ பக்கபலமாகத்தான் இருக்கிறது. 1985-ல் வந்த கைத்தறிச் சட்டம், கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று ஒதுக்கிய பொருள்களில் ஜமக்காளமும் ஒன்று. 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறிச் சரக்கு பாதி விலைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் கைத்தறிக்காரர் என்ன செய்வார்? என் மாமனார் தறியை நிறுத்திவிட்டார். இப்போது ஒரு மில்லில் ராத்திரி வாட்ச்மேன்.

"நம்மகிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க" என்றாள். "கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்தது. பரண்ல இருக்குது."

*

மறு ஞாயிறு பரண் இறங்கியது. மிக்ஸிப் பெட்டிகள், பெயின்ட் டப்பா, மூன்று கால் ஸ்டூல் எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போக, அடியில் அந்துருண்டை வாசனையோடு ஜமக்காளம். ஏழு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, உறவுக்காரக் கல்யாணத்துக்கு வந்த கும்பல் படுப்பதற்காகக் கீழே இறங்கியது. சாயம் கொஞ்சமும் மங்கவில்லை. தேய்மானம் பூஜ்யம்!

இனி, செய்முறை. கல்யாணம் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களும் குறித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை கட்டிலை வெளியேற்றுவது. ஹாலில் பழைய சோபாவில் முடங்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது போயிற்று.

"ஏண்டா, எனக்கு எதுக்குடா டபுள் காட்?"

"ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் பேப்பர்ப்பா."

மெத்தை தரைக்கு வந்தது. நேராகத் தரையில் போட்டால் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அதனால் கீழே கோரைப் பாய். காலையில் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். நம் தாத்தா பாட்டி தினமும் செய்த வேலைதான். அவர்களுக்கு அது பொஹீமியன் என்று தெரியாது. பகலில் இப்போது பீரோவும் மேஜையும் மட்டும்தான் இடத்தை அடைக்கின்றன. 12.5 போக 77.5 சதுர அடி காலி. போக்குவரத்து விதி ரத்து.

அடுத்தது ஜன்னல் திரை. கடையில் பார்க்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்பா எழுந்து போய் பீரோவைத் திறந்தார். சிவப்பு நூல் சாவிக்கொத்து. அம்மாவின் மதுரைச் சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்து வந்து மனைவியிடம் கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கோம்மா. உள்ள சும்மாதானே இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஐந்தரை மீட்டரில் மூணு மீட்டர் ரெண்டு திரைக்குப் போயிற்று. மிச்சத்தில் நாலு தலையணை உறை. தெருமுனை டெய்லர் கூலி 350. கத்தரி போடும்போது அப்பா கோயிலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து மாட்டியிருந்த திரையை ஒரு நிமிஷம் பார்த்தார். "வெளிச்சம் நல்லா வருது" என்றார். அவ்வளவுதான்.

விளக்குக்குப் பழைய டியூப் லைட்டை அணைத்துவிட்டு, 'வார்ம் ஒயிட்' எல்.இ.டி. பல்பு ஒன்று. பெட்டியில் 2700 கே என்று போட்டிருக்கும், அதுதான் மஞ்சள் வெளிச்சம். சாதாரண மூங்கில் கூடையைக் கவிழ்த்தால் விளக்கு மூடி தயார். எல்.இ.டி. மட்டும்தான் போட வேண்டும். பழைய குண்டு பல்பைப் போட்டால் சூட்டில் கூடை கருகி, ரொடால்ஃபோ கதை ஆகிவிடும்.

பச்சைக் கொடிக்கு மணி பிளான்ட். திருடி வைத்தால்தான் வளரும் என்பார்கள். பக்கத்து வீட்டு மாமி, "திருடிக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டிலில் வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீரைக் கொட்டி பாட்டிலைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அது கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.

ஆணி விஷயம்தான் சிக்கல். எங்கள் ஹவுஸ் ஓனரைப் பொறுத்தவரை சுவரில் ஆணி அடிப்பது அவர் நெஞ்சில் அடிப்பதற்குச் சமம். அதனால் ரெண்டு பக்கச் சுவரையும் ஸ்பிரிங்கால் அழுத்திக்கொண்டு நிற்கிற திரைக் கம்பி. தொங்கலுக்கு ஒட்டுகிற கொக்கி. கயிற்றுத் தொங்கலை மனைவியே பின்னினாள். தார் சுற்றிய கைக்கு நாலு முடிச்சு ஒரு பொருட்டா?

மோப்பம் பிடித்து ஹவுஸ் ஓனர் வந்துவிட்டார். ஒயின் ஊற்றிக்கொடுக்க நமக்கு வசதியில்லை. ஃபில்டர் காபி கொடுத்தோம். சுவரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். ஆணி இல்லை. ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். கிளம்பும்போது செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு, "எவ்ளோ ஆச்சு சார்?" என்றார். சரியான தொகையைச் சொல்லவில்லை. சொன்னால் வாடகை ஏறும்.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன? பாய் 550, டெய்லர் 350, பல்பு 120, கூடை 150, திரைக் கம்பி 450, கொக்கி 180. ஆக 1,800. கையிருப்பு 3,200.

*

போன மாசம் கண் டெஸ்ட் பண்ணிக்கொள்ள மாமனார் வந்திருந்தார். ரூமைக் காட்ட அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஜமக்காளத்தின் மேல் கால் வைக்கவில்லை. ஓரமாகக் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினார். கண் மங்கல்தான், ஆனால் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இங்க ஒரு இழை உட்டுப் போச்சு பாரு கண்ணு. அன்னிக்குத்தான் உன்னய நிச்சயம் பண்ணிட்டுப் போனாங்க. மனசு தறியில இல்ல."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

பேச்சை மாற்றலாம் என்று நான் ஷோரூம் கதையைச் சொன்னேன். போஹோ, லேபிள், 7,490 ரூபாய்... எல்லாம் சொன்னேன்.

"எத்தனைங்க மாப்ள?"

மறுபடியும் சொன்னேன். அவர் கோபப்படுவார், கூலிக் கணக்குச் சொல்லிப் புலம்புவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப எவனோ ஒருத்தன் இன்னும் நெய்யறானுங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

அன்று ராத்திரி அவருக்கும் படுக்கை அந்த ரூமில்தான். மகள் தானாகவே, "என் ரூம்ல படுத்துக்குங்கப்பா" என்றாள். நானும் அவளும் ஹாலில் பாய் விரித்துக்கொண்டோம். 'என் ரூம்' என்ற வார்த்தை அந்த வீட்டில் முதல் தடவையாகக் காதில் விழுந்தது. 1,800 ரூபாய்க்கு இதைவிட லாபம் தரும் முதலீடு எந்த பாங்க்கிலும் இல்லை.

கையிருப்பு 3,200-க்கு என்ன ஆயிற்று என்று கணக்கில் புலியான வாசகர்கள் கேட்பீர்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சொல்லி அப்பாவின் கட்டிலுக்குக் கீழே விரிக்க இன்னொரு ஜமக்காளம் வந்துவிட்டது. அப்பாவுக்கு அதில் ஒரே குறை: கால் வைக்க மனசு வரவில்லையாம்.

படத்தைப் பார்த்த ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர், "எந்தக் கடை பாஸ்? அட்ரஸ் குடு" என்று பிடுங்குகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் அவரவர் மனைவியிடம், 'இந்த ரூமில் உன்னுது எது?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் பரணில் ஏறிப் பாருங்கள். அங்கேயும் கிடைக்கவில்லை என்றால் ராத்திரி ரயிலைப் பிடித்து ஈரோட்டில் இறங்கி, பஸ் ஏறுங்கள். பதினைந்து கிலோ மீட்டர்தான். பொஹீமியா ஒன்றும் அவ்வளவு தூரத்தில் இல்லை!